இளவேனிலில் ஓர்மையோடு இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசியின் பின்பாதியில் வேம்பு இலை கொட்டத் தொடங்கும். வைகாசியில் சரக்கொன்றை பூத்து ஓயும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த இரண்டுக்கும் இடையே கிடக்கிற மூன்று மாதங்களைப் பற்றியது இந்தப் பக்கம். அந்த நாள்களில் உடம்பு இருக்கும் இடத்திலேயே மனத்தையும் இருத்திக்கொள்ள அன்றாடம் என்ன செய்யலாம் என்பதற்கான பதில்கள் இவை. எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எதைப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் வசந்தகாலம் என்று ஒன்று உண்டா? மார்ச்சிலேயே வெயில் கொளுத்துகிறதே?

உண்டு. குளிர்நாடுகளில் அது காற்றில் தெரியும், இங்கே மரத்தில் தெரியும்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை. இடையில் வசந்தத்துக்கு இடமே இல்லை. பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார்கள். அதில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். வெயில் என்பதை ஒரே சொல்லில் அடக்காமல் இளையது, முதிர்ந்தது என்று பிரித்துப் பார்த்த கண் அது. அந்தக் கண்ணைத்தான் திரும்பப் பழக வேண்டியிருக்கிறது.

மரங்கள் இந்தக் கணக்குக்குச் சற்று முந்தியே புறப்பட்டுவிடும். மாசியில் முள்ளிலவு இலையில்லாத கிளைகளில் சிவப்பாகப் பூக்கும். பங்குனியில் அரசு செம்பு நிறத்தில் துளிர்க்கும், புங்கமரம் ஒரே வாரத்தில் வெளிர்பச்சைக்கு மாறும். மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே, நிலத்தடி ஈரத்தை நம்பி இவை துளிர்த்துவிடுகின்றன.

நாம் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. பொதுத்தேர்வு, மார்ச் 31 கணக்கு முடிப்பு, விடுமுறைப் பயண முன்பதிவு எல்லாம் இதே வாரங்களில்தான் வந்து விழுகின்றன. தலை நிமிரும்போது புங்கம் பூத்து உதிர்ந்திருக்கும்.

ஓர்மை என்றால் தியானமா?

இல்லை. குமரி மாவட்டத்தில் "ஓர்மை இருக்கா?" என்றால் "நினைவிருக்கிறதா?" என்று பொருள். ஒருமுகப்பட்ட கவனத்துக்கும் அதே சொல் உண்டு. கை செய்வதைக் கையோடும், கண் பார்ப்பதைக் கண்ணோடும் சேர்ந்து மனமும் அறிந்திருப்பதை இங்கே ஓர்மை என்கிறோம். கண்ணை மூடி உட்கார வேண்டியதில்லை. எண்ணங்களை விரட்ட வேண்டியதும் இல்லை. வெறுமையாக இருக்கச் சொன்னால் மனம் முரண்டு பிடிக்கும். பார்க்க ஒரு பொருள் கொடுத்தால், அதுவும் நாளுக்கு நாள் மாறுகிற பொருளாகக் கொடுத்தால், தானாக உட்காரும். இளவேனிலில் அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஒரே ஒரு பழக்கம்தான் முடியும் என்றால் எதைச் செய்வது?

ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு தினமும் 3 நிமிடம் பாருங்கள்.

மரம் உங்கள் அன்றாட வழியிலேயே இருக்க வேண்டும். பால் வாங்கப் போகும் தெரு, பேருந்து நிறுத்தம், அலுவலக வாசல் எதுவானாலும் சரி. பார்ப்பதற்கென்று தனியாகக் கிளம்பிப் போகவேண்டிய மரம் பத்தாம் நாளில் கைவிட்டுப் போகும். அழகான மரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கிளையாவது முகத்துக்கு நேரே இருந்தால் நல்லது. உச்சிக்கிளையில் மட்டும் பூக்கும் மரத்தைக் கழுத்து நோகப் பார்ப்பது நீடிக்காது.

முதல் நிமிடம் மரத்தை முழுதாகப் பாருங்கள்: வடிவம், நிறம், எந்தப் பக்கம் அடர்த்தி, எந்தப் பக்கம் வெறுமை. இரண்டாம் நிமிடம் ஒரே கிளை. அடையாளத்துக்கு அதில் பருத்தி நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவையுங்கள். இறுக்கினால் கிளை பருக்கும்போது பட்டையை அறுக்கும். மூன்றாம் நிமிடம் கண்ணை விட்டுவிட்டு மற்றப் புலன்கள். இலையைத் தொட்டால் மெழுகுபோல் இருக்கிறதா, காகிதம்போலா? கசக்கினால் என்ன மணம்? கிளையில் யார் கத்துகிறார்கள்?

வாரத்துக்கு ஒருநாள், ஒரே கிழமையில், நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். துளிர், மொட்டு, மலர்ந்த பூ, காய் என்று நான்கையும் எழுதி, எதிரே "இல்லை", "கொஞ்சம்", "நிறைய" என்று ஒரு சொல். மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம், மேலே போனால் நிறைய. இந்த அளவு போதும். எண்ணிக்கை எடுக்கப் போனால் அலுப்பு வந்துவிடும். இதையே நாடு முழுவதும் செய்யும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. மரங்களின் பருவம் எப்படி மாறுகிறது என்று அறிய இந்தக் குறிப்புகள் உதவுகின்றன. விருப்பமுள்ளவர்கள் அதிலும் பதியலாம்.

மிகப் பெரும்பாலும் பிழைபோகும் இடம் இதுதான்: இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று தோன்றும். உண்மையில் பார்வைதான் மேலோட்டமாகியிருக்கும். அப்போது நூல் கட்டிய கிளைக்கு மட்டும் திரும்புங்கள். அதன் நுனி இலைகளை எண்ணுங்கள். நேற்று ஏழு, இன்று எட்டு என்று தெரிந்த கணத்தில் கவனம் திரும்பிவிடும்.

எந்த மரம் நல்லது?

மாற்றம் வேகமாகத் தெரிய வேண்டுமானால் புங்கம். பழைய இலை உதிர்ந்து, பளபளக்கும் புது இலை விரிந்து, அடுத்துப் பூ வரும். வெளிர்ஊதா கலந்த அந்த வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் மணலை நெற்பொரி சிதறியதற்கு ஒப்பிட்டன சங்கப் பாடல்கள். ஒருமுறை நேரில் பார்த்தால் அதைவிடச் சரியான உவமை கிடையாது என்று தெரியும்.

மணத்துக்கு வேம்பு. மாலையில் நின்றால் தேன் வாசனை வரும். மாலை நேரம்தான் வாய்க்கும் என்பவர்களுக்குத் தூங்குமூஞ்சி மரம். பொழுது சாயச் சாய அதன் சிற்றிலைகள் ஒன்றையொன்று தழுவி மடங்குவதைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டுமுறை பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். சரக்கொன்றை சித்திரையில்தான் முழுதாகப் பூக்கும். பங்குனியில் தொடங்குகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு நீலமாகப் பூக்கும் ஜகரண்டா உண்டு.

தென்னையையும் பனையையும் இந்தப் பயிற்சிக்குப் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் பருவ மாற்றத்தைத் தரையிலிருந்து பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

பார்க்கத் தொடங்கி அரை நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. எனக்கு இது வராதா?

எல்லோருக்கும் போகும். போனதை நீங்கள் கண்டுகொண்டீர்களே, அந்தக் கணம்தான் பயிற்சி. மூன்று நிமிடத்தில் பத்துமுறை மனம் ஓடி, பத்துமுறை நீங்கள் அதைக் கூட்டி வந்தால் பத்துமுறை பழகியிருக்கிறீர்கள் என்று பொருள். ஓடியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வதுதான் வீண். அந்தத் திட்டலே அடுத்த எண்ணச் சங்கிலியாகிவிடும்.

கூட்டி வர ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கால் தரையில் பதிந்திருப்பதை உணர்வது எளிது. அல்லது மூச்சு வெளியே போகும்போது மட்டும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணலாம். பத்து வரை வேண்டாம், புதிதாகப் பழகுகிறவர்கள் ஏழாவதில் தொலைந்துபோகிறார்கள். மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு வெளியே கேட்கும் ஒலியைப் பிடிக்கட்டும்.

காலை நடை எத்தனை மணிக்கு? எப்படி நடப்பது?

வெயிலுக்கு முன். பங்குனி பிறக்கும்போது சென்னையில் சூரியன் ஏறத்தாழ 6.15-க்கு உதிக்கிறது. வைகாசி பிறக்கும்போது 5.45-க்கே வந்துவிடும். மார்ச்சில் இதமாக இருந்த 6.30 நடை மே மாதத்தில் வேர்த்து ஒழுகுவதற்கு இது ஒரு காரணம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளினால் சரியாகிவிடும். பலர் இதைச் செய்யாமல், "வெயில் வந்துவிட்டது" என்று நடையையே நிறுத்திவிடுகிறார்கள்.

மொத்த நடையையும் கவனத்தோடு நடக்க வேண்டாம். அரைமணி நடக்கிறவர் அதில் 5 நிமிடத்தை மட்டும் ஒதுக்கட்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பிள்ளையார் கோயிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை என்பதுபோல. அந்தத் தூரத்தில் பேச்சு இல்லை, காதில் பாட்டு இல்லை. வேகத்தைப் பாதியாக்கி, குதிகால், பாதம், விரல் என்று மூன்றும் தரையில் படும் வரிசையைக் கவனியுங்கள். வெறுங்காலில் நடப்பதானால் 7.30-க்குள் முடித்துவிடுங்கள். அதற்குப்பின் சிமெண்டுத் தரையும் தாரும் சூடேறிவிடும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது.

குயில் சத்தத்தை எப்படிப் பயன்படுத்துவது?

கோயில் மணிபோல. அது கேட்கும்போதெல்லாம் செய்வதை நிறுத்தி, கூவல் முடியும்வரை கேளுங்கள்.

கருங்குயிலின் கூவல் படியேறுவது. தாழ்ந்த குரலில் தொடங்கி ஒவ்வொரு "கூவூ"வும் முந்தையதைவிட மேலே போகும். உச்சிக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடும். எத்தனை படி ஏறிற்று என்று எண்ணுங்கள். இவ்வளவுதான் பயிற்சி, அரை நிமிடம்கூட ஆகாது. எண்ணத் தொடங்கினால்தான் இத்தனை நாள் அதைக் கேட்டும் கேட்காமல் இருந்தது உறைக்கும். கூவுவது ஆண். கரிய உடல், சிவந்த கண். பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், "கிக்-கிக்-கிக்" என்று விரைந்து கத்தும். காகத்தின் கூட்டில்தான் அது முட்டையிடுகிறது. ஆகவே சித்திரையில் காகம் குச்சி கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்தப் பக்கமே குயிலையும் தேடுங்கள்.

குயில் இல்லாத தெருவில் செம்மார்புக் குக்குறுவான் இருக்கலாம். செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டுவதுபோல "டொங்க், டொங்க்" என்று ஒரே அளவில் நெடுநேரம் ஒலிக்கும். ஆலமரமும் அத்திமரமும் உள்ள இடங்களில் எளிதில் கேட்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் ஏப்ரலில் வடக்கே கிளம்பிவிடும். வருகிறவற்றைப் போலவே, நேற்றுவரை கேட்ட குரல் இன்று இல்லை என்பதையும் குறித்துவையுங்கள்.

வேப்பம்பூ சேகரிப்பது ஏன் ஒரு பயிற்சி? அதை எப்படிச் செய்வது?

அவசரப்படுத்தவே முடியாத வேலை என்பதால். கைப்பிடி அளவு பூவுக்கு நான்கைந்து நாள் ஆகும். மரம் எப்போது உதிர்க்கிறதோ அப்போதுதான் கிடைக்கும். கண், கை, மூக்கு மூன்றும் ஒருசேர அதில் இருக்கும்.

இரவு படுக்கும் முன் பழைய வேட்டியையோ பருத்திப் புடவையையோ மரத்தடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காலை 7 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எறும்பு ஏறும், காற்றில் தூசி படியும். கிளையை உலுக்கக் கூடாது. உலுக்கினால் விரியாத மொட்டும் பிஞ்சும் சேர்ந்து விழும். பூ பாழாவதோடு ஆனியில் வரவேண்டிய பழமும் குறையும். லாரி போகும் சாலையோர மரத்துப் பூவை விட்டுவிடுங்கள்.

எடுத்ததை முறத்தில் கொட்டி, காம்பு, சருகு, பூச்சியைப் பொறுக்குங்கள். இந்தப் பொறுக்கும் பத்து நிமிடம்தான் பயிற்சியின் நடு. தொலைக்காட்சி முன் உட்கார்ந்து செய்ய வேண்டாம். அந்தச் சின்னஞ்சிறு பூவில் ஐந்து வெள்ளை இதழும் நடுவே ஒரு சிறு குழலும் இருப்பதைப் பாருங்கள். முதல்நாள் நிழலில் பரப்பி, அடுத்த இரண்டு மூன்று நாள் மெல்லிய துணி போர்த்தி வெயிலில் காயவையுங்கள். கையில் அள்ளினால் சலசலக்க வேண்டும். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. அப்படியே அடைத்தால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். நன்கு ஆறவைத்தபின் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டால் அடுத்த சித்திரை வரை இருக்கும். வெயில் சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து வீணாகும்.

நால்வருக்கான ரசத்துக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த பூ போதும். ஒரு தேக்கரண்டி நெய்யில், சிறுதீயில், நன்றாகப் பழுப்பேறும்வரை வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுதும் ரசத்தில் இறங்கிவிடும். கருகவிட்டால் கசப்போடு கரிவாசனையும் சேரும். பழுப்புக்கும் கருப்புக்கும் இடையே சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகள் வேறெதையும் நினைக்க விடாது.

சித்திரை முதல்நாள் மாங்காய்ப் பச்சடியில் இந்தப் பூவைத்தான் சேர்க்கிறோம். அன்று முதல் கரண்டியை மட்டுமாவது மெதுவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பு முதலில் வரும், வெல்லம் அடுத்து, கசப்பு விழுங்கியபின் தொண்டையில் தெரியும்.

கோலம் போடுவதும் இதில் சேருமா?

நிச்சயமாக. தமிழ் வீட்டு வாசலில் தினமும் நடக்கும் கவனப் பயிற்சி அது, ஆண்களும் கற்கலாம். சிக்குக் கோலம் எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 3, 1 என்று நேர்புள்ளி வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும். எல்லாப் புள்ளியையும் கோடு சுற்றிவர வேண்டும், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ ஒரு வளைவில் மனம் வாசலை விட்டுப் போயிருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதிலும் சுவை உண்டு.

பச்சரிசி மாவு சற்று நறநறப்பாக இருந்தால்தான் விரலிடையே சீராக இறங்கும். மைபோல் அரைத்தது கட்டிகட்டியாக விழும். தண்ணீர் தெளித்தபின் இரண்டு நிமிடம் விடுங்கள். தரை சொட்டச்சொட்ட இருந்தால் கோடு கரைந்து பரவும்.

அடுக்குமாடியில் நான்காம் தளத்தில் இருக்கிறோம். மரமும் இல்லை, வாசலும் இல்லை.

ஒரு மல்லிகைத் தொட்டி போதும். தினமும் ஐந்தாறு மணிநேரம் வெயில் விழும் பால்கனியாக இருக்க வேண்டும். குறைந்தால் இலை தழைக்கும், மொட்டு வராது. தை, மாசியில் கவாத்து செய்த (கிளைகளை நறுக்கிவிட்ட) செடி பங்குனியில் மொட்டுவிடும்.

மாலை 5.30-க்கு, அன்று விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பாருங்கள். பருத்து, பச்சை மறைந்து, வெண்மை முற்றியிருக்கும். அரைமணிக்கு ஒருமுறை வந்து ஒரே நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள். இருட்டும் வேளையில் இதழ்கள் நெகிழும், அதோடு மணமும் எழும். எந்த முறை வந்தபோது மணம் முதலில் தெரிந்தது என்பதைப் பிடிக்க முயலுங்கள். வெயிலும் இல்லாத வீடானால் ஜன்னல் போதும். ஒரே நேரத்தில், ஒரே ஜன்னலில், வானத்தின் ஒரே துண்டு.

பேருந்தில், பைக்கில் போகும்போது செய்யலாமா?

பேருந்திலும் ரயிலிலும் தாராளமாகச் செய்யலாம். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே பூத்த மரங்களை மட்டும் எண்ணுங்கள். ஏப்ரல் கடைசியில் மஞ்சள் பெருங்கொன்றையும் சிவப்பு மயிற்கொன்றையும் சேர்ந்துவிட்டால் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். வண்டி ஓட்டுகிறவர்கள் மரம் பார்க்கவே கூடாது. அவர்களுக்கு ஓர்மை என்றால் சாலைதான்: கண்ணாடி, வேகம், முன்னே போகிறவரின் விளக்கு. சிக்னலில் நிற்கும்போது கைப்பிடியை இறுக்கியிருக்கும் விரல்களைத் தளர்த்துவது மட்டும் போதும்.

பூவைப் பார்த்ததும் கை தானாகப் போனை எடுக்கிறது. தவறா?

தவறில்லை. ஆனால் படம் எடுத்ததும் "பார்த்தாயிற்று" என்று மனம் முடித்துக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு நிமிடம் கண்ணால் பாருங்கள், பிறகு ஒரே ஒரு படம். அனுப்புவதை வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே அனுப்பினால் பதிலுக்குக் காத்திருப்பீர்கள்.

இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுவது இதைவிடப் பெரிய உதவி. "அலாரத்துக்கு வேண்டுமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் தடை. ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டால் அந்தத் தடை போய்விடும். விடியலில் முதலில் காதில் விழுவது குயிலா, அறிவிப்பு ஒலியா என்பது அதிலேயே முடிவாகிறது.

நண்பகலில் என்ன செய்வது? உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

தூங்குங்கள். 20 நிமிடம், அலாரம் வைத்து. 12 முதல் 3 மணி வரை வெளியே எந்தப் பயிற்சியும் வேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள், குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். வெம்மையை மதித்து ஒதுங்குவதும் இந்தப் பருவத்தைப் புரிந்துகொள்வதுதான். மதுரையில் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபம் வசந்த விழாவுக்கான மண்டபம். குளிர்ச்சிக்காக அதைச் சுற்றி நீர் தேங்கும் அமைப்பு இருந்தது.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு நண்பகல் மட்டும் விதிவிலக்கு: நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சிக்கு வரும் அந்த நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏப்ரல் நடுவிலும், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் வரும். சமதரையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சென்னையில் பகல் 12.07-ஐ ஒட்டியும், மதுரையில் 12.18-ஐ ஒட்டியும் அதன் நிழல் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். தொப்பி போட்டு இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் போதும், பிள்ளைகளையும் அழையுங்கள். ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ இன்னொருமுறை வரும், ஆனால் அப்போது மேகம் மறைத்துவிடலாம்.

பறவைக்குத் தண்ணீர் வைக்கலாமா?

வையுங்கள். வாய் அகன்ற மண்தட்டு, நீரின் ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர். நடுவே ஒரு கல் வைத்தால் சிட்டுக்கும் தேனீக்கும் கால் ஊன்ற இடம் கிடைக்கும். ஆழமான பிளாஸ்டிக் வாளியில் சிறு பறவைகள் மூழ்கிவிடும். தினமும் காலையில் நீரைக் கொட்டி நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரம் விட்டால் கொசு உற்பத்தியாகும், தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை தேய்த்தால்தான் போகும். முதல் பறவை வர ஒரு வாரம்கூட ஆகலாம். வந்தபின் இரண்டடி தள்ளி நின்று பார்க்க ஆசை வரும். பத்தடி தள்ளியே இருங்கள்.

இந்தக் காலத்தில் தும்மல் வருகிறது. மரத்தடியில் நிற்கலாமா?

மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது தொல்லை தரும் பருவம்தான். சீமைக்கருவேலம், சவுக்கு இரண்டும் பெயர்பெற்ற காரணிகள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று வீசாத வேளையில் தள்ளி நின்று பாருங்கள். பூவை முகர வேண்டாம். மூச்சு இரைப்பு இருந்தால் மருத்துவரைப் பார்த்தபிறகே தொடருங்கள்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை இதற்கெல்லாம் கூப்பிடலாமா?

கூப்பிடலாம், பாடமாக்காமல். "மூன்று நிமிடம் மரத்தைப் பார்த்தால் மதிப்பெண் கூடும்" என்று சொன்னால் அதுவும் இன்னொரு தேர்வாகிவிடும். புத்தகத்தை மூடும் இடைவேளையில் மாடிக்குக் கூட்டிப்போய், கேட்கிற சத்தங்களை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஐந்து கிடைத்ததும் கீழே இறங்கிவிடலாம்.

மனம் மிகவும் தளர்ந்திருக்கிறது. இந்தப் பழக்கங்கள் போதுமா?

போதாது. அன்றாட அலைச்சலைத் தணிக்க இவை உதவும், சிகிச்சைக்கு மாற்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவ உதவி தேவை. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 24 மணிநேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். கூப்பிடத் தயங்கவே வேண்டாம். ஓர்மைப் பயிற்சியின்போது பழைய துயரம் கிளர்ந்தெழுந்தால் தாங்கிக்கொண்டு தொடர வேண்டியதில்லை. நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள்.

கோடைமழை வந்தால்?

எழுந்து வெளியே வாருங்கள். வெகுநாள் காய்ந்த மண்ணில் முதல் துளிகள் விழும்போது எழும் வாசனை சில நிமிடங்களே தெளிவாக இருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்கு முக்கியக் காரணம். மனித மூக்கு அதை மிகமிகச் சிறிய அளவிலேயே அறிந்துவிடும். இடி கேட்டால் மட்டும் மொட்டைமாடிக்கும் மரத்தடிக்கும் போகாமல் வாசற்படிக்குள் நின்றுகொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கிறோம். எங்கள் வசந்தம் வேறாயிற்றே?

வேறுதான், ஆனால் முறை அதேதான். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே பெரும்பாலான பகுதிகளில் கடிகாரத்தை ஒருமணி முன்னே வைக்கிறார்கள். உடம்பு பழக ஒருவாரம் ஆகும், அதுவரை காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிலவகை மேப்பிள் மரங்களில் இலைக்கு முன்னே சிறு சிவப்புப் பூ வரும், பலர் அதைப் பூவென்றே அறிவதில்லை. டொராண்டோவின் ஹை பார்க்கில் 1959-இல் டோக்கியோ மக்கள் சார்பில் கொடுக்கப்பட்ட செர்ரி மரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பூக்கும். கூட்டமில்லாத விடியலில் போங்கள். அதற்கும் முன்னால் உங்கள் தெருவில் ஒரு மரத்தைப் பிடியுங்கள்.

நடுவில் பல நாள் விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. விட்ட நாள்களுக்கு நோட்டில் கோடு போட்டுவிட்டு இன்றைய தேதியை எழுதுங்கள். நடந்ததை ஊகித்து நிரப்ப வேண்டாம். அந்த வெற்றிடமும் ஒரு செய்தி. அடுத்த ஆண்டு பார்க்கும்போது எந்த வாரத்தில் வாழ்க்கை உங்களை இழுத்துக்கொண்டு போனது என்று அது சொல்லும்.

வைகாசி முடிந்ததும் நிறுத்திவிடலாமா?

வேம்பைப் பார்க்கிறவர்கள் இன்னும் ஒரு மாதம் தொடரலாம். பங்குனியில் நூல் கட்டிய கிளையில் பூத்த பூவில் எத்தனை காயாயின என்று அப்போதுதான் தெரியும். ஆனியில் பழம் மஞ்சளாகி விழும், மைனாக்கள் வந்து தின்னும். கீழே கிடக்கும் பழத்தின் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். வேப்பங்கொட்டை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும், எடுத்துவைத்துப் பிறகு பார்க்கலாம் என்றால் முளைக்காது. ஊன்றிய தேதியை அதே நோட்டில் எழுதிவையுங்கள்.